பொங்கல் பை வாங்க நுங்கம்பாக்கம் மகளிர் குழுக் கண்காட்சி: போய்ப் பார்த்து எழுதியது

பொங்கலுக்கு யாருக்காவது பை நிறையப் பொருள் வாங்கிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடித்தாள் சுற்றி ரிப்பன் கட்டி அடுக்கியிருக்கும் பரிசுக் கூடையை எடுப்பதற்கு முன்னால், நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் நெடுஞ்சாலையில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் வளாகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றையும் சேர்த்து மகளிர் சுய உதவிக் குழுக்களின் விற்பனைக் கண்காட்சி அங்கே நடக்கும். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, தீபாவளிக்குப் பலகாரம் என்று மற்ற பண்டிகைகளுக்கும் போடுவார்கள். எனக்குப் பிடித்தது இந்த மார்கழிக் கண்காட்சிதான். மழையை நம்பி விதைத்த கேழ்வரகும் சாமையும் அறுவடையாகி வந்து சேர்கிற நேரம் இது.

நடத்துவது தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம். குழுக்களின் பொருள்களுக்கு ‘மதி’ என்று பொதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய மால் மாதிரி இருக்காது. வரிசையாகக் கடைகள், ஒவ்வொன்றிலும் எந்த மாவட்டம் என்று எழுதிய பலகை, மேசைக்குப் பின்னால் ஒருவரோ இருவரோ பெண்கள், அவ்வளவுதான். பொருளைச் செய்தவரோ, அவருடைய குழுவில் இருக்கும் இன்னொருவரோதான் பெரும்பாலும் விற்கிறார் என்பதால், கேட்டால் பதில் வரும். எந்த ஊர் சாமை, எப்போது அரைத்தது, எத்தனை நாள் வரும், எதில் பொரித்தது என்று எல்லாவற்றையும் கேளுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண்ணிடம் இதையெல்லாம் கேட்க முடியாது, அவருக்குத் தெரியவும் வாய்ப்பில்லை.

முதலில் பை விஷயம். எங்கள் குடியிருப்பில் பொங்கல் சமயத்தில் வாட்ச்மேன், படிக்கட்டு கூட்டுகிறவர்கள், குப்பை எடுக்க வருகிற மாநகராட்சிப் பணியாளர்கள், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, ஒரே மாதிரி பை. கொஞ்ச காலமாக அதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ஜனவரி ஒன்றாம் தேதி எல்லோரும் சர்க்கரையைக் குறைக்கப் போகிறோம், சிறுதானியத்துக்கு மாறப் போகிறோம் என்று முடிவெடுக்கிறோம் இல்லையா, அந்த முடிவு அப்படியே பைக்குள்ளேயும் போய்விடுகிறது. கேழ்வரகு பிஸ்கட், கம்பு நூடுல்ஸ், சர்க்கரை சேர்க்காத ஏதோ ஒரு லட்டு என்று பை நிரம்புகிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம், சந்தேகமே இல்லை. ஆனால் வாங்கிக்கொள்கிறவருக்கு அது வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை.

இந்த முறை கண்காட்சிக்குப் போவதற்கு முன் எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “ராகி எல்லாம் எங்க வீட்ல தினம் இருக்குக்கா. நெய் ஒரு பாட்டில் குடுங்க, பொங்கல் அன்னிக்கு நல்லா ஊத்தி வைக்கலாம். முந்திரியும் போட்டா சந்தோஷம்” என்றார். எவ்வளவு நியாயமான பேச்சு! நாம் புத்தாண்டுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிற கூழும் களியும் அவர் வீட்டில் என்றைக்கும் உள்ள சாப்பாடு. பண்டிகை அன்றைக்கு அவருக்கு வேண்டியது வருடத்தில் மற்ற நாளில் வாங்க முடியாத பொருள். வாட்ச்மேன் கேட்டது நல்ல போர்வை, மார்கழிக் குளிரில் ராத்திரி முழுக்க வாசலில் உட்கார்ந்திருக்கிறவர். கூட்டுகிற அக்கா மஞ்சளும் குங்குமமும் புதுப் பாயும் என்றார். கேட்டுவிட்டு வாங்கினால் பை தானாகவே சரியாக அமைந்துவிடுகிறது.

அரசு தருகிற பொங்கல் தொகுப்பையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 பொங்கலுக்கு ரேஷன் கடையில் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு கொடுத்தார்கள். அரிசியும் சர்க்கரையும் ஏற்கெனவே வந்துவிட்ட வீட்டுக்கு நாமும் அதையே கொடுப்பதில் பயனில்லை. பொங்கல் பானைக்கு மிச்சம் வேண்டியது வெல்லம், நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய், பாசிப்பருப்பு. இதில் பெரும்பகுதி கண்காட்சியில் ஒரே சுற்றில் கிடைக்கும். ஈரோட்டு மஞ்சள்தூள், கவுந்தப்பாடிப் பக்கத்து நாட்டுச் சர்க்கரை, பண்ருட்டி முந்திரி, உடன்குடிக் கருப்பட்டி என்று ஊர் ஊராகக் கேட்டு வாங்குகிற சந்தோஷம் தனி. கருப்பட்டி வாங்கும்போது மட்டும் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுப் பாருங்கள், கேட்டால் தருவார்கள். நல்ல பனங்கருப்பட்டியில் இனிப்போடு லேசான உப்புக் கரிப்பும் புகை வாசமும் இருக்கும். வெறும் சீனிப்பாகு மாதிரி இனித்தால் வேண்டாம்.

பாய்க்குத் திருநெல்வேலி மாவட்டப் பத்தமடைப் பாய் பார்த்தேன். கோரையை ஊறவைத்து, கீறி, சாயமேற்றி நெய்வது. நைசான ரகம் பட்டு மாதிரி மடியும், விலையும் அதற்கேற்ப இருக்கும். தினமும் விரித்துப் படுக்க அது வேண்டியதில்லை, சாதாரணக் கோரைப் பாயே போதும், அதுவும் இருந்தது. பையாகத் துணிப் பை வாங்கினோம். பனை ஓலைக் கூடைகள் அழகாக இருந்தன, கொஞ்சம் விலை கூடினாலும் அடுத்த வருடம் வரைக்கும் காய்கறி வாங்கப் பயன்படும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் இங்கே தடை, மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது, ஆனாலும் பரிசுக் கூடை என்றால் கண்ணாடித்தாள் சுற்றியாக வேண்டும் என்று ஏன் நினைக்கிறோமோ தெரியவில்லை.

ஒரு பைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நெய், வெல்லம், முந்திரி, மஞ்சள்தூள், ஒரு முறுக்குப் பொட்டலம் வரைக்கும் ஏறக்குறைய அடங்கும். போர்வை, பாய் எல்லாம் தனிக் கணக்கு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பை கொடுத்தாயிற்று என்று போனஸை நிறுத்திவிடாதீர்கள். கையில் பணம் தனியாகப் போக வேண்டும். பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட நெய்யும் முந்திரியும் உதவாது.

அப்புறம் நம் வீட்டுக்கு. ஆரோக்கிய முடிவுகளை எல்லாம் நம்முடைய பைக்குள் வைத்துக்கொள்வதுதான் முறை, அதற்கு இந்த இடம் அருமையான இடம்.

சிறுதானியம் வாங்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஒரு முழு மாலையை இங்கே ஒதுக்கலாம். ஜவ்வாது மலைச் சாமை, கொல்லிமலைத் தினை, தர்மபுரி கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கேழ்வரகு, தெற்கேயிருந்து குதிரைவாலி என்று கேட்டுப் பாருங்கள். ஐ.நா. 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு எல்லாக் கடையிலும் இவை வந்துவிட்டன, ஆனால் அதிகம் கிடைப்பது நன்றாகத் தீட்டி வெள்ளை வெளேர் என்று ஆக்கியது. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு இவற்றுக்கெல்லாம் மேலே கெட்டியான உமி உண்டு, அதை நீக்கினால்தான் சமைக்க முடியும். உமியோடு நிறுத்தாமல் உள்ளே இருக்கும் தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிட்டால் நார்ச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். அப்புறம் வெள்ளை அரிசியை விட்டு இதற்கு மாறியதற்கு அர்த்தம் குறைந்துபோகும். எனவே நிறத்தைப் பாருங்கள். தீட்டாத சாமை பழுப்புச் சாம்பலாக, கொஞ்சம் மங்கலாக இருக்கும். தினை நல்ல மஞ்சள். கேழ்வரகுக்கும் கம்புக்கும் இந்தக் கவலை குறைவு, முழுதாகவே அரைத்துச் சாப்பிடுகிற தானியங்கள் அவை.

தவிடு இருந்தால் எண்ணெய்ச் சத்தும் இருக்கும், அதனால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். கம்பு மாவு இதில் ரொம்ப மோசம். வேறொரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ஆன்லைனில் வாங்கிய கம்பு மாவு பிரித்த அன்றைக்கே கசந்தது, திருப்பி அனுப்பவும் வழியில்லாமல் போயிற்று. கண்காட்சியில் கம்பு மாவு கேட்டபோது மேசைக்குப் பின்னால் இருந்த அக்கா, “மாவா வேண்டாம் கண்ணு, முழுக் கம்பா வாங்கிட்டுப் போ, வேணும்கிறப்ப மிக்ஸில அடிச்சிக்கோ” என்றார். மாவு அவரிடம் இருந்தது, விலையும் அதிகம். அதை விட்டுவிட்டுக் குறைந்த விலைக்குள்ளதைக் கையில் கொடுத்தார். இந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தக் கடையில் இன்னும் இரண்டு பொருள் சேர்த்து வாங்கினேன்.

சமையல் கணக்கும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். சாமை, குதிரைவாலி இரண்டும் ஒரு பங்குக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு தண்ணீர், சாதமாக வடிக்காமல் பொங்கி இறக்கினால் நன்றாக வருகிறது. வரகுக்கு இன்னும் கொஞ்சம் கூட. சர்க்கரைப் பொங்கலுக்குத் தினை அமோகம். ஒரு கப் தினை, கால் கப்புக்குச் சற்றுக் கூடுதலாக வறுத்த பாசிப்பருப்பு, நான்கு கப் தண்ணீர், குழைய வெந்ததும் வெல்லப்பாகு. பச்சரிசியைப் போலக் கெட்டிப்படாமல் இருக்க இறக்கும்போது தளர்வாகவே இறக்குங்கள், ஆறினால் இறுகும்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் கண்காட்சியில் கூட்டம் அதிகம் மொய்ப்பது இந்த மேசைகளில்தான். சிறுதானிய முறுக்கு, சிறுதானிய மிக்ஸர், சிறுதானியக் குக்கீஸ், சிறுதானிய நூடுல்ஸ். ருசியாக இருக்கின்றன, முறுக்கு மிகவும் நன்றாக இருந்தது, பைகளில் போட அதைத்தான் எடுத்தோம். ஆனால் உடம்புக்கு நல்லது என்ற பெயரில் தினமும் நொறுக்குத் தீனியாக வாங்கி வைப்பது தவறு. வரகு முறுக்கும் எண்ணெயில் பொரித்த முறுக்குதான், அதில் உள்ள உப்பும் உப்புதான். பொட்டலத்தின் பின்புறம் பாருங்கள். பொருள்களின் பட்டியலில் எது அளவில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. கேழ்வரகுக் குக்கீஸ் என்று முன்னால் பெரிதாகப் போட்டிருந்த ஒன்றில் முதலில் மைதா, அடுத்தது சர்க்கரை, அப்புறம்தான் கேழ்வரகு. சில கடைகளில் பட்டியலே இல்லாத வெறும் கவர்களும் இருந்தன. சாப்பிடும் பொருள் என்றால் தயாரித்த தேதியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணும் உள்ளதை மட்டும் எடுங்கள். இல்லாத கடையில் ஏன் இல்லை என்று அன்பாகக் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்டால் அடுத்த முறை நிச்சயம் ஒட்டிக்கொண்டு வருவார்கள்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி விஷயத்திலும் இதேதான். வாசனைக்காக, ருசிக்காக, பனையேறிகளுக்குப் பிழைப்பு கிடைக்கும் என்பதற்காக வாங்குங்கள், நானும் அதற்காகத்தான் வாங்குகிறேன். சர்க்கரை நோய் உள்ளவர் வெள்ளைச் சீனிக்குப் பதில் கருப்பட்டியைத் தாராளமாகப் போட்டுக் காபி குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பெரும்பகுதி அதுவும் சர்க்கரையே. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) - இண்டியாப் ஆய்வு நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நம் வீடுகளிலேயே ஒருவராவது இருக்கிறார். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பெரியவர்களுக்கான அறிவுரை, அதாவது ஐந்து டீஸ்பூன் சுமார். காலை மாலை காபியிலேயே பாதிக்கு மேல் போய்விடும். நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சியும் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும், கூடவே கீரையும் பருப்பும் இருந்தால் மேல். இந்த வருடம் நான் எடுத்திருக்கிற முடிவு சின்னதுதான், ராத்திரிச் சாப்பாட்டில் அரிசிக்குப் பதில் சாமை, காபியில் சர்க்கரை பாதி. எடை மெஷின் பக்கமே போகப் போவதில்லை.

கேழ்வரகின் பெருமையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள வேறு தானியம் கிடையாது. 2023-இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று தொடங்கினார்கள், எல்லா மாவட்டத்திலும் அது வர வேண்டும் என்பது என் ஆசை. முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு கண்காட்சியில் நல்ல தரத்தில் கிடைத்தது. முளைகட்டினால் இரும்பும் கால்சியமும் உடம்பில் நன்றாகச் சேரும், வீட்டில் செய்ய ஊறவைத்து, துணியில் கட்டி, நிழலில் உலர்த்தி என்று நேரம் பிடிக்கும், அதனால் இதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

தர்மபுரி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசு வழியாக மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியதே 1989-இல் அந்த மாவட்டத்தில்தான், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. வாரம் ஒருமுறை கூடி, ஆளுக்குக் கொஞ்சம் சேமித்து, அவசரத்துக்குத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வது என்றுதான் ஆரம்பம். கந்துவட்டிக்காரரிடம் போகாமல் பிள்ளைக்கு மருந்து வாங்க முடிந்ததே அந்தக் காலத்தில் பெரிய விடுதலை. அப்படிச் சேர்ந்த குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைத்து, மாவு மில் வாங்கி, முறுக்கு சுற்றி, இன்றைக்கு நுங்கம்பாக்கத்தில் கடை போடுகிறார்கள். எனவே ஒரு பொங்கல் பைக்கு நாம் செலவழிக்கிற பணம் இரண்டு வீட்டுக்குப் போகிறது, செய்தவர் வீட்டுக்கு ஒன்று, வாங்கிக்கொள்கிறவர் வீட்டுக்கு ஒன்று. இங்கே வந்து பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மாலில் ஒரு பாக்கெட் சிப்ஸுக்கு எழுதிய விலையை வாய் பேசாமல் கொடுப்பவர்கள் இங்கே இருபது ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்கிறார்கள். விற்கிறவர்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் மூட்டை தூக்கி வந்து, வீட்டையும் ஆடு மாட்டையும் யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

குறைகள் என்றால், சனி ஞாயிறு மாலைகளில் நெரிசல் தாங்கவில்லை, வயதானவர்களைக் கூட்டிப் போனால் உட்கார இடம் தேட வேண்டியிருக்கும். கார் கொண்டு போவதை விட ஆட்டோவில் போவது நிம்மதி. பெரும்பாலான கடைகளில் ஜிபே எடுக்கிறார்கள், ஆனாலும் சில்லறையாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும், நெட்வொர்க் கிடைக்காமல் தவிக்கிறார்கள். பில் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குடியிருப்புச் சங்கக் கணக்குக்கு நாங்கள் கேட்டபோது ஒரு கடையில் துண்டுச் சீட்டில்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. முப்பது, நாற்பது பை என்றால் ஒரே நாளில் போய் எல்லாவற்றையும் அள்ளிவிட நினைக்காதீர்கள். கண்காட்சி தொடங்கிய முதல் சில நாட்களில் ஒரு வார நாள் மதியம் போய், மாதிரிக்கு ஒவ்வொன்று வாங்கி, வீட்டில் பிரித்துப் பார்த்து, பிடித்த குழுவின் போன் எண்ணில் எத்தனை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் புதிதாகச் செய்து கொண்டுவந்து தருவார்கள், முறுக்கு நொறுங்காமல் வந்து சேரும், அவர்களுக்கும் விற்காத பொருளைத் திரும்பத் தூக்கிப் போகிற கவலை இல்லை. பெரிய ஆர்டருக்குப் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள், வெல்லமும் எண்ணெயும் வாங்க அவர்கள் கைக்காசைப் போட வேண்டியிருக்கும்.

கண்காட்சி முடிந்த பிறகு வேண்டும் என்றால் மதி சந்தை இணையதளம் இருக்கிறது. மஞ்சள்தூள், கூடை, பாய், கருப்பட்டி எல்லாம் அதில் வாங்கலாம். தானியத்தை மட்டும் நேரில் பார்த்து, ஒரு பிடி கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.